ஒரு கம்பி மட்டும் போகக்கூடிய வாய்: ஸ்ரேப்ளரில் சிக்கு எடுப்பது பற்றி

மேசை ஸ்ரேப்ளர் சிக்கிக்கொண்டால் அதைப் பொருளின் தரக்குறைவு என்றோ பாவித்தவரின் அவசரம் என்றோ சொல்லிவிட்டு, கையில் அகப்பட்ட கத்தி நுனியால் கிண்டி, வராவிட்டால் மேசை விளிம்பில் நாலு தட்டுத் தட்டி, அப்படியும் வராவிட்டால் லாச்சிக்குள் எறிந்துவிட்டு அடுத்த மேசைக்காரரிடம் இரவல் கேட்பதே எங்கள் வழக்கம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வேலை நிமித்தம் நான் போய்வரும் அலுவலகங்களிலும், கண்டி வீதியோரத்துப் போட்டோக்கொப்பிக் கடைகளிலும் இவ்வாறு லாச்சிக்குள் கிடக்கும் ஸ்ரேப்ளர்களில் பெரும்பாலானவை உண்மையில் பழுதடைந்தவை அல்ல. அவற்றின் மூக்குக்குள், தாளைக் குத்தும் கம்பிப் பின் ஒன்று வளைந்து இறுகிக் கிடக்கிறது. அதை வெளியே எடுப்பதற்கான வழியை அந்தப் பொறியைச் செய்தவர்கள் வைக்கவில்லை. அப்படி ஒரு வழி எவ்வாறு அமையவேண்டும், சில ஸ்ரேப்ளர்களில் அது எவ்வாறு அமைந்திருக்கிறது, அது இல்லாத சின்ன ஸ்ரேப்ளரை வைத்திருப்பவர் என்ன செய்யலாம் என்பவற்றைக் கொஞ்சம் விரிவாக எழுத நினைக்கிறேன்.

மூடியை முழுதாகத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பவை சொற்பம். பின் பட்டியை இடும் நீண்ட கூடு. அந்தக் கூட்டுக்குள் பட்டியைத் தாங்கி நிற்கும் ஒடுங்கிய தண்டவாளம். பட்டியை முன்னோக்கி நெருக்கும் தள்ளி. தள்ளிக்கு விசை கொடுக்கும் மெல்லிய சுருள்வில். மூடியின் நுனியில், உட்பக்கமாக, உருக்குத் தகடு ஒன்று நிலைக்குத்தாக நிற்கும். நாம் அழுத்தும்போது இறங்கிவந்து முதலாவது பின்னைப் பட்டியிலிருந்து பிரித்துத் தாளுக்குள் குத்துவது இதுதான். வசதிக்காக இதனைக் குத்துத்தகடு என்கிறேன். கீழே, அடிப்பாகத்தில், இரண்டு சிறு பள்ளங்கள் உள்ள தட்டு. தாளைத் துளைத்துக்கொண்டு வரும் பின்னின் கால்கள் அந்தப் பள்ளங்களின் வளைவைப் பின்பற்றி உள்நோக்கி மடிகின்றன.

பொறியின் உயிர்நாடி இவற்றில் எதுவும் அல்ல. கூட்டின் முன்சுவருக்கும் தண்டவாளத்தின் முனைக்கும் இடையில் ஒடுங்கிய வெளி ஒன்று இருக்கிறது. பின் வெளியேறும் வாய் அதுவே. அந்த வாய் ஒரு கம்பியின் பருமனைவிடச் சற்றே கூடுதலாகவும் இரண்டு கம்பிகளின் பருமனைவிடத் தெளிவாகக் குறைவாகவும் இருக்கவேண்டும். கம்பியே ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் பருமன் கொண்டது என்பதால், பிழைக்கு இடமுள்ள எல்லை மிகச் சிறியது. குத்துத்தகடும் அதே பருமனில் இருக்கும். அது கீழே இறங்கி நிற்கும் நேரத்தில் இரண்டாவது பின்னுக்கு வழி அடைபட்டிருக்கும், மேலே ஏறியதும் தள்ளி இரண்டாவதை வாய்க்குள் கொண்டுவந்து நிறுத்தும். இந்த ஒழுங்கு ஒருமுறை தவறினால் போதும். பேருந்தின் முன்வாசலில் இறங்குபவரும் ஏறுபவரும் ஒரே நேரத்தில் தோளை நுழைத்துக்கொண்டதுபோல இரண்டு பின்களும் அங்கேயே நின்றுவிடும். அதன் பிறகு எவ்வளவு பலமாக அழுத்துகிறோமோ அவ்வளவுக்கு அவை இறுகும்.

ஒழுங்கு தவறுவதற்கான காரணங்களில் முதலில் வைக்கவேண்டியது அரைகுறை அழுத்தம். தடித்த கட்டு ஒன்றைக் குத்தும்போது கை பாதியில் தளர்ந்தால், பின்னின் கால்கள் தாளுக்குள்ளும் அதன் முதுகு வாய்க்குள்ளும் இருக்கக் குத்துத்தகடு மட்டும் மேலே ஏறிவிடும். பிறகு தாளை இழுத்தெடுக்கிறோம். கால்கள் கோணி, முதுகு வாய்க்குள் குறுக்காகத் திரும்பிக்கொள்கிறது. இங்கே சிறு கணக்கு ஒன்று உதவும். எங்கள் பக்கத்தில் அதிகம் பாவனையில் உள்ள பத்தாம் இலக்கப் பின்னின் கால் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீளமானது. சாதாரண 80 கிராம் தாள் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். இருபது தாளுக்கு 2 மில்லிமீற்றர் போனால் மடிவதற்கு 3 மில்லிமீற்றர் மிஞ்சும். நாற்பது தாளைக் கொடுத்தால் மிஞ்சுவது 1 மில்லிமீற்றர், அது மடியாது, பள்ளத்தின் விளிம்பில் முட்டி மேல்நோக்கித் திரும்பும். அந்த ஸ்ரேப்ளர்களைச் செய்பவர்கள் பொதுவாகப் பதினைந்து, இருபது தாள்களோடு எல்லை போடுவதன் காரணம் இதுதான். கையில் பலம் இருக்கிறது என்பதற்காகக் காலின் நீளம் கூடிவிடப் போவதில்லை.

இரண்டாவது காரணம் பின்னின் இலக்கம். 24/6 என்று பெட்டியில் போட்டிருந்தால் முதல் எண் கம்பியின் பருமனுக்குரியது, இரண்டாவது எண் கால் எத்தனை மில்லிமீற்றர் என்பது. முதல் எண் கூடக்கூடக் கம்பி மெலியும். ஆகவே 26/6 என்பது கால் நீளத்தில் அதே அளவு, கம்பியில் மெலிவு. 24க்காக வெட்டப்பட்ட வாய்க்குள் 26ஐப் போட்டால் பெரும்பாலும் வேலை நடக்கும். ஆனால் வாய் ஏற்கனவே கொஞ்சம் விரிந்த பழைய ஸ்ரேப்ளராக இருந்தால், இரண்டு மெல்லிய கம்பிகள் ஒன்றாக நுழைய இடம் கிடைத்துவிடும். கடையில் இருப்பது அதுதான் என்று வாங்கிவந்து போட்டுவிட்டுப் பிறகு ஸ்ரேப்ளரைக் குறைசொல்வது நியாயமாகாது.

மூன்றாவது காரணத்தை நான் தனியாகக் கவனித்துவருகிறேன். ஏனென்றால் வன்னியில் அது மற்ற எல்லாவற்றையும்விட அடிக்கடி நடக்கிறது. இங்கே ஒரு படிவம் ஒரு மேசையோடு முடிவதில்லை. காணி அனுமதிப்பத்திரமோ வீட்டுத்திட்டமோ வாழ்வாதார உதவியோ எதுவாக இருந்தாலும், கிராம அலுவலர் தமது உறுதிப்படுத்தலைச் சேர்த்துப் பின் அடிக்கிறார். பிரதேச செயலகத்தில் அடையாள அட்டைப் பிரதியையும் வாக்காளர் இடாப்புப் பிரதியையும் சேர்த்துப் பின் அடிக்கிறார்கள். வங்கிக்குப் போனால் அங்கே கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கப் பிரதி சேர்கிறது, இன்னொரு பின். எல்லோரும் அடிப்பது இடதுபக்க மேல் மூலையில்தான். நடமாடும் சேவை நாளில் இந்த மூன்று மேசைகளும் ஒரே பாடசாலை மண்டபத்தில் இருக்கும். அரை மணித்தியாலத்துக்குள் ஒரே மூலையில் மூன்று பின்கள் விழும். புதிய பின்னின் கால் தாளுக்குள் கிடக்கும் பழைய பின்னின் முதுகில் முட்டினால் உருக்கை உருக்குத் துளைக்காது. கால் மடிந்து, பின் பாதியில் நின்று, குத்துத்தகடு அதன்மேல் ஏறி இறுகும். தாள் எத்தனை என்று எண்ணுபவர்கள்கூட அந்த மூலையில் ஏற்கனவே என்ன கிடக்கிறது என்று தடவிப்பார்ப்பதில்லை. விரலால் ஒருமுறை தடவி, பழைய பின்னுக்கு ஒரு சென்ரிமீற்றர் தள்ளி அடித்தால் இந்தச் சிக்கு வரவே வராது. லமினேற் செய்த அடையாள அட்டைப் பிரதியையும் பிளாஸ்ரிக் உறையையும் சேர்த்து அடிப்பவர்களைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். பிளாஸ்ரிக் எதிர்த்துத் தள்ளுவதால் கால் நேராக இறங்காமல் வழுக்கிப் போகிறது என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

நான்காவது துரு. பின்கம்பிக்கு நாகப் பூச்சு இருக்கிறது. ஆனால் கால் வெட்டப்பட்ட நுனியில் பூச்சு இல்லை, அங்கே வெறும் உருக்குத்தான். கார்த்திகை, மார்கழி மாரியில், கூரை ஒழுக்கும் ஈரச்சுவரும் உள்ள அறையில், திறந்த பெட்டியில் கிடக்கும் பட்டியின் நுனிகள் மண்ணிறமாவதைப் பார்க்கலாம். துரு இரண்டு விதமாகத் தொல்லை தரும். பின்களை ஒட்டிவைத்திருக்கும் பசை விட்டுப்போய்ப் பின்கள் தனித்தனியாகக் கழன்று, கூட்டுக்குள் சரிந்து விழலாம். அல்லது பக்கத்துப் பக்கத்து நுனிகள் துருவால் ஒட்டிக்கொண்டு, முதலாவது பின் பிரியும்போது இரண்டாவதையும் சேர்த்து இழுக்கலாம். வெயில் காலத்தில் துரு குறைவு, ஆனால் கிறவல் வீதிப் புழுதி கதவு யன்னல் எல்லாவற்றாலும் வந்து தண்டவாளத்தில் படிகிறது. தள்ளி அசைய மறுக்கும், பட்டி வாய்வரை வந்து சேராது, அரைவாசி வந்த பின்னைக் குத்துத்தகடு ஓரத்தில் பிடித்து வளைத்துவிடும்.

இனிச் சிக்கு எடுக்கும் பொறிமுறைக்கு வருவோம். 1879 இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் மக்கில் காப்புரிமை பெற்ற, ஒரே அழுத்தில் வேலை முடிக்கும் பொறி, ஒரு நேரத்தில் ஒரு பின்னை மட்டுமே கொண்டது. அடுத்த பின் என்று எதுவும் பின்னால் நெருக்காததால், வளைந்ததை எடுத்துப் போட்டுவிட்டு இன்னொன்றைக் கையால் வைத்துக்கொள்ளலாம். பட்டியாக ஒட்டிய பின்களும் அவற்றை நெருக்கும் சுருள்வில்லும் வந்தபின்புதான் வேகமும் வந்தது, இந்த நெரிசலும் வந்தது. 1930களின் பிற்பகுதியில் ஜாக் லின்ஸ்கியின் நிறுவனம் மேல்மூடியைத் திறந்து பட்டியை அப்படியே உள்ளே வைக்கக்கூடிய ஸ்ரேப்ளரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது பின் இடுவதற்கான வசதியாகத்தான் பேசப்பட்டது. என்றாலும் குத்துத்தகட்டையும் வாயையும் கண்ணால் பார்க்கும்படி திறந்து காட்டியது என்பதால், சிக்கு எடுப்பதிலும் அது ஒரு பெரிய படி.

இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான மேசை ஸ்ரேப்ளர்களில் மூடியைத் தூக்கும்போது அதனோடு இணைந்த சுருள்வில்லோ கம்பியோ தள்ளியையும் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். இதனால் நெருக்குதல் நீங்குகிறது, பட்டியைக் கழற்ற முடிகிறது. அத்தோடு அந்த ஏற்பாடு நின்றுவிடுகிறது. வாயின் அகலம் அப்படியே இருக்கிறது. முன்சுவருக்கும் தண்டவாள முனைக்கும் இடையில் ஆப்புப்போல இறுகிய பின்னுக்கு அது எந்த உதவியும் செய்யாது. நெருக்குதலை எடுப்பது பாதி வேலை என்பதே என் கருத்து. ஒரு வாய்க்கு இரண்டு பக்கம் இருக்கிறது. அவற்றில் ஒன்றையாவது அசைத்து விலக்கினால்தான் இறுகியது தானாக விழும். நல்ல பொறிமுறைகள் எல்லாம் இந்த ஒரு காரியத்தைத்தான் வெவ்வேறு விதமாகச் செய்கின்றன.

தண்டவாளத்தை விலக்குவது ஒரு விதம். பின்பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் கூட்டின் உட்பாகம் லாச்சியாக வெளியே வரும் ஸ்ரேப்ளர்களைப் பார்த்திருப்பீர்கள். தடித்த கட்டுகளுக்கான 23 வரிசைப் பின்களைப் பாவிக்கும் பெரிய ஸ்ரேப்ளர்கள் சிலவற்றிலும் குமிழ் ஒன்றைத் தள்ளிப் பின் தாங்கியை வெளியே எடுக்கலாம். அது வெளியே வந்ததும் முன்சுவர் தனித்து நிற்கிறது. அதன் எதிரே எதுவும் இல்லாததால், வளைந்த பின் பிடிமானம் இழந்து, ஸ்ரேப்ளரைக் கவிழ்த்த மாத்திரத்தில் விழுந்துவிடும். கத்தியும் வேண்டாம், நகமும் வேண்டாம்.

முன்சுவரை விலக்குவது மற்ற விதம். பின் அடித்துத் தரும் பெரிய போட்டோக்கொப்பி இயந்திரங்களில் பின்கள் ஒரு சிறு பேழைக்குள் இருக்கும். சிக்கினால் கதவைத் திறந்து பேழையை வெளியே இழுத்து, முன்பக்கத்தில் உள்ள சிறு மடிப்புத் தகட்டைத் தூக்கவேண்டும். பல இயந்திரங்களில் தொடவேண்டிய இடத்துக்குப் பச்சை நிறம் கொடுத்திருப்பார்கள். தகடு தூக்கப்பட்டதும் முன்சுவர் என்று ஒன்று இல்லை. வளைந்த பின்னையும் அதனோடு வரும் ஓரிரண்டையும் விரலால் எடுத்துவிட்டுத் தகட்டை மூடிப் பேழையைத் திரும்பச் செருகினால் இயந்திரம் தன் வேலையைத் தொடரும். அந்த இயந்திரங்களைச் செய்தவர்கள் சிக்கு வரும் என்பதை ஒப்புக்கொண்டு, அது வரும் இடத்திலேயே கதவு வைத்தார்கள். கையால் அழுத்தும் ஸ்ரேப்ளரைச் செய்பவர்களில் பலர், சிக்கு வராது என்று பெட்டியில் அச்சடிப்பதோடு நின்றுவிட்டார்கள்.

மேசை ஸ்ரேப்ளருக்கென்றே, மூடியைத் தூக்கும் அசைவினாலேயே வாயை விரிக்கும் யோசனைகளும் வந்திருக்கின்றன. பின் இடுவதற்காக மூடியை வழமையாகத் திறக்கும் கோணம் ஒன்று இருக்கிறது. அதற்கு அப்பாலும் தூக்கினால், மூடியோடு இணைந்த நெம்பு ஒன்று தண்டவாளத்தைச் சில மில்லிமீற்றர் விலக்கும். மூடியை இறக்கினால் அது திரும்பவும் தன் இடத்துக்கு வந்துவிடும். தனியாகப் பொத்தான் தேடவேண்டியதில்லை, வழிகாட்டித் தாள் வாசிக்கவேண்டியதில்லை, கோபத்தில் மூடியை மேலும் விரிப்பவரின் கையே சிக்கை எடுத்துவிடுகிறது என்பதால் இந்த யோசனை எனக்குப் பிடித்தமானது. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அசையும் சுவர் திரும்பி வரும்போது முன்பு இருந்த இடத்திலேயே வந்து நிற்கவேண்டும். அரை மில்லிமீற்றர் பின்னால் நின்றாலும் வாய் அகன்று இரண்டு பின்களை விழுங்கும். முன்னால் நின்றால் ஒன்றுகூட இறங்காது. ஆகவே திறக்கும் நெம்பைவிட, மூடியபின் தண்டவாளத்தை அசையவிடாமல் பிடிக்கும் கொளுவியும், அது முட்டி நிற்கும் தடையும்தான் இத்தகைய பொறியில் முக்கியமானவை. மெல்லிய தகட்டில் மலிவாகச் செய்தால், சிக்கு எடுக்க வந்த பொறிமுறையே சிக்குக்குக் காரணமாகிவிடும். இந்தக் காரணத்தால், இரண்டும் ஒரே விலையில் கிடைக்குமானால் லாச்சி வகையையே நான் தெரிவு செய்வேன். அதன் அடைப்பு எளிமையானது, தேய்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

அரைகுறை அழுத்தத்தால் வரும் சிக்கை மட்டும் குறிவைத்து அமைந்த இன்னொரு வகையும் இருக்கிறது. அதில் கைப்பிடியை அழுத்தும்போது பின் அசைவதில்லை. உள்ளே ஒரு வலுவான வில் மட்டும் இறுகிக்கொண்டே போய், ஓர் எல்லையில் விடுபட்டுக் குத்துத்தகட்டை ஒரே அடியாக அறைகிறது. கை மெதுவாக அழுத்தினாலும் அடியின் வேகம் ஒன்றுதான் என்பதால் பின் பாதியில் நிற்பது குறைகிறது. விரல்களில் பலம் குறைந்த வயதானவர்களுக்கு இது நல்லது. ஆனால் தாளின் எல்லையை மீறினாலோ பழைய பின்மேல் அடித்தாலோ அதுவும் சிக்கத்தான் செய்யும்; அப்போது உள்ளே இறுகிய வில்லோடு மல்லுக்கட்ட நேரும் என்பதை வாங்குமுன் யோசிக்கவேண்டும்.

எங்கள் மேசைகளில் இருப்பது இவற்றில் எதுவும் அல்ல, பத்தாம் இலக்கச் சின்ன ஸ்ரேப்ளர்தான். ஆகவே அதில் சிக்கை எடுக்கும் முறையைச் சொல்லவேண்டும். பரந்தன் பக்கத்தில் சைக்கிள் திருத்தும் பெரியவர் ஒருவர் இதில் என்னைவிடக் கைதேர்ந்தவர். கடைக்கு வந்த ஒருவர் தம் ஸ்ரேப்ளரின் வாய்க்குள் பேனாக்கத்தியை நுழைப்பதைக் கண்டு, "தம்பி, கத்தியால கிண்டாதையும். வாய் விரிஞ்சால் பிறகு எப்பவும் ரண்டு ரண்டாய்த்தான் வரும்," என்று அவர் தடுத்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். இந்த விடயத்தில் அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியாது. கத்தி ஓர் ஆப்பு. அதை நுழைத்துத் திருப்பும்போது பின் அசைவதற்கு முன் முன்சுவர் வளைகிறது. மேசையில் தட்டுவதும் அப்படியே மூக்கைக் கோணலாக்கும். இன்றைய சிக்கை அவ்விதம் எடுத்தவர் நாளைய சிக்குக்கு இடம் செய்து வைத்துவிடுகிறார்.

அவர் பாவிக்கும் கருவி பழைய சைக்கிள் கம்பி ஒன்று. அதன் நுனியைத் தட்டித் தட்டையாக்கி, அரத்தால் உராய்ந்து மெல்லியதாக்கி, கடைசி இரண்டு மில்லிமீற்றரை மட்டும் கொளுக்கியாக வளைத்திருக்கிறார். முதலில் மூடியை முழுதாகத் தூக்கி, பட்டியை வெளியே எடுத்துவிடுகிறார். பட்டி உள்ளே இருக்கும்வரை எதையும் தொடுவதில்லை. மூடி தூக்க வராவிட்டால், குத்துத்தகடு வாய்க்குள் இறுகியிருக்கிறது என்று பொருள். அப்போது பின்மூலையில், அச்சாணி இருக்கும் இடத்தில் நெம்புவதில் பயனில்லை. மூக்குக்கு மிக அருகில், மூடிக்கும் கூட்டுக்கும் நடுவே தட்டையான ஒன்றை வைத்து, இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சமாக மாறிமாறித் தூக்கவேண்டும். ஒருபக்கமாக மட்டும் தூக்கினால் தகடு கோணி இன்னும் இறுகும்.

தகடு மேலே வந்ததும் ஸ்ரேப்ளரைக் கவிழ்த்து, வெளிச்சத்துக்கு நேரே வாயைப் பிடித்துப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டும் மற்றக் கால் உள்ளே சுருண்டும் கிடக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் காலைக் குறட்டால் பிடித்து இழுக்கத்தான் கை போகும், ஆனால் அந்தக் கால் முறிந்துவிட்டால் பிறகு பிடிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. முதலில் மேலிருந்து, அதாவது குத்துத்தகடு இறங்கும் அதே பாதையால், கம்பியின் தட்டை நுனியை விட்டுப் பின்னின் முதுகைச் சுருண்ட பக்கத்தில் மெல்லத் தள்ளவேண்டும். முதுகு நேராகி, சுருண்ட கால் வெளியே தலைகாட்டும். அப்போதுதான் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துக் கீழ்நோக்கி இழுப்பது. பின் எந்தத் திசையில் போக இருந்ததோ அந்தத் திசையிலேயே அதை எடுக்கவேண்டும், வந்த வழியால் திருப்பி இழுக்கக்கூடாது. கொளுக்கி தேவைப்படுவது, முதுகு தண்டவாளத்தின்மேல் ஏறிப் படுத்துக்கொண்ட அரிதான நேரங்களில் மட்டுமே. சைக்கிள் கம்பி இல்லாதவர்கள் ஸ்ரேப்ளரின் வாலைப் பார்க்கலாம். பத்தாம் இலக்கத்தில் பலவற்றுக்குப் பின்பக்கத்தில் தட்டையான நாக்கு ஒன்று இருக்கிறது. அது தாளில் அடித்த பின்னைக் கழற்றுவதற்காக வைத்தது. அந்த நாக்கு வாய்க்குள் நுழையாது. ஆனால் இன்னொரு ஸ்ரேப்ளரின் நாக்கு மூடியைத் தூக்குவதற்கு நன்றாக உதவும்.

எடுத்தது ஒரு பின்னா இரண்டு பின்களா என்று பார்ப்பது அவசியம். ஒன்றாக இருந்தால் அழுத்தத்திலோ தாளிலோ பிழை. இரண்டாக ஒட்டி வந்தால் வாய் விரிந்திருக்கிறது அல்லது பின் மெலிவு. விரிந்த மூக்கை ஓரளவுக்குத் திருத்தலாம். வாய்க்குள் ஒரே ஒரு நல்ல பின்னை நேராக நிறுத்திவிட்டு, முன்சுவரைக் குறட்டால் இரு பக்கமும் மெதுவாக நெரித்தால், உள்ளே நிற்கும் பின்னே அளவுகோலாக இருந்து அதற்குமேல் நெரிபடாமல் காக்கும். குத்துத்தகட்டின் கீழ் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே சிறு முள் எழும்பியிருந்தால் நுண்ணிய அரத்தால் எடுத்துவிடலாம். விளிம்பு உருண்டு தேய்ந்திருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. அது பின்னின் முதுகில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

எண்ணெய் விடுவதைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. தையல் மெசின் எண்ணெயைத் தாராளமாக விட்டால் சில நாட்களுக்கு நன்றாக ஓடும். பிறகு கிறவல் புழுதியோடு கலந்து பசையாகும், அதற்கிடையில் யாருடையதோ காணிப் பத்திரத்தில் எண்ணெய்க் கறையும் படும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் தண்டவாளத்தைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கறுப்பு மையுள்ள மெதுமையான பென்சிலால் தண்டவாளத்தின் மேற்புறத்தில் தேய்த்துவிடுங்கள். பென்சிலின் காரீயம் உலர்ந்த மசகு; புழுதியைப் பிடிக்காது. தின்னர் பாவித்தால் அது முழுதாக ஆவியாகும்வரை பட்டியை உள்ளே வைக்கவேண்டாம், பின்களை ஒட்டியிருக்கும் பசையை அது கரைத்துவிடும். மாரி காலத்தில் பின் பெட்டியைப் பிளாஸ்ரிக் மூடிப் போத்தலுக்குள் போட்டு, புதுச்சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தையும் சேர்த்து வைத்தால் போதும். பத்தாம் இலக்கப் பெட்டி ஒன்றில் 1000 பின்கள் இருக்கின்றன. ஒரு சிறு அலுவலகத்தில் அது ஒரு மாரியைத் தாண்டியும் கிடக்கும் என்பதால் இந்தச் சிரமம் வீணாகாது.

புதிதாக வாங்குபவர்கள் எத்தனை தாள் குத்தும் என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்கவேண்டாம். கடைக்காரரிடம் கேட்டுப் பெட்டியைப் பிரித்து, மூடியை எவ்வளவு தூரம் தூக்க முடிகிறது, தூக்கும்போது குத்துத்தகடும் மூடியோடு சேர்ந்து முழுதாக வாயைவிட்டு வெளியே வருகிறதா, தள்ளி பின்னுக்கு வருகிறதா, உட்பாகத்தைக் கழற்றப் பொத்தானோ குமிழோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மூடியை மூடி, மூக்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துத் தரச்சொல்லுங்கள். ஒரே பெட்டியில் வந்த இரண்டுக்கு இடையிலேயே இந்த வித்தியாசம் இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.